ஷானாவின் நெஞ்சில் வைத்த ரொட்டி

லாரல் ஃபோர்க், மேற்கு வர்ஜீனியா
அக்டோபர் 14, 2017

டெல்மர்,

மூன்று வருடமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதுவதாகவும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை சிறையிலிருந்து போன் செய்து அழுதாயே, அதற்காக எழுதுகிறேன். பத்து நிமிடத்தில் லைனைத் துண்டித்துவிட்டார்கள். நான் சொல்ல வேண்டியதில் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

உன் மகளை வியாழக்கிழமை அடக்கம் செய்தோம். குன்றின் மேல், அம்மாவுக்குப் பக்கத்தில். இருபத்தாறு வயது என்று கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறேன். நல்ல மழை. பதினொரு பேர் வந்தார்கள், அதில் மூன்று பேர் ஷானாவுக்குப் போதைப் பொடி விற்றவர்கள். அவர்கள்தான் மற்றவர்களைவிடச் சத்தமாக அழுதார்கள்.

நீ போனில் கேட்டதையும் செய்தேன். பெட்டியை மூடுவதற்கு முன் எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். அவள் நெஞ்சில் தட்டை வைத்து, தட்டில் சோள ரொட்டியும் உப்பும் வைத்து, நின்றபடியே தின்று முடித்தேன். அம்மாவின் ஆட்கள் இப்படிச் செய்வார்கள் என்று சின்ன வயதில் கேள்விப்பட்டதோடு சரி. அந்தக் காலத்தில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழவர் வந்து தின்றுவிட்டுப் போவாராம், செத்தவரின் பாவமெல்லாம் அவரோடு போய்விடுமாம். அந்தக் கிழவர் செத்தே நாற்பது வருடமாகிறது. நான் யாரைப் போய்க் கூப்பிட? ஆர்வில் போதகர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார் போல. குழியை மூடும் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரொட்டி நான் சுட்டதுதான். ஆனால் வாயில் போட்டதும் இரும்பு ருசி அடித்தது. அதை விடு.

இப்போது தொண்டையில் நின்றதைச் சொல்கிறேன். ஷானாவுக்கு முதல் மாத்திரை யார் வீட்டு அலமாரியிலிருந்து கிடைத்தது? சுரங்கத்தில் உன் முதுகு போனது, டாக்டர் மாத்திரை கொடுத்தார், எல்லாம் சரி. நீ அதை ஊருக்கு விற்க ஆரம்பித்தாய், உன் பெண் வீட்டிலேயே எடுத்துக்கொண்டாள். அந்தத் தட்டில் இருந்தது அவள் பாவம் மட்டும் இல்லை, தம்பி.

ஷானாவின் குழந்தை, உன் பேத்தி ஐவி, என்னிடம்தான் இருக்கிறாள். கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். நாலு வயதில் என்ன புரியும்? முதியோர் இல்லத்தில் நான் பார்த்த சலவை வேலை ஆகஸ்டோடு போய்விட்டது, அதனால் குழந்தைக்கும் எனக்குமாக உதவித்தொகை கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். மனுவில் இப்போது புதிதாக ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். போதைப் பழக்கம் உள்ளவர் யாராவது சமீபத்தில் உங்கள் வீட்டில் இருந்தாரா என்று. ஆமாம், என் தம்பி மகள் ஆறு மாதம் இருந்தாள், செத்துவிட்டாள் என்று எழுதினேன். உண்மை எழுதியதற்குப் பரிசாக, வரும் இருபத்தைந்தாம் தேதி டப்பாவில் மூத்திரம் பிடித்துக் கொடுக்க வேண்டுமாம். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு இதுவும் எழுதியிருக்கிறது. ஆஸ்பிரின்கூடத் தொடாதவள் நான். நன்றாகச் சோதித்துக்கொள்ளட்டும்.

வெர்லீன்

*

அக்டோபர் 20, 2017

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில், இந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் காவலர் ஐயாவுக்கு வணக்கம். அவர் தினமும் எங்கள் கடிதங்களை மோந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார், அவருக்கும் ஒரு வரி எழுதாவிட்டால் எப்படி.

நீ எழுதியதெல்லாம் சரி. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். என்னோடு அறையில் இருக்கும் லெஸ்டர் கிழவர், "என்னப்பா, பைபிளா படிக்கிற?" என்று கேட்டார். "என் அக்கா திட்டி எழுதியிருக்கா" என்றேன். "திட்டுறதுக்கு ஆள் இருக்கே, குடுத்து வச்சவன்" என்றார்.

ரொட்டியை முழுவதும் தின்றாயா? துளியும் மிச்சம் வைக்கவில்லையே? தட்டை என்ன செய்தாய்? அதை எரித்துவிடவோ உடைத்துவிடவோ வேண்டும் என்று அம்மா சொல்வாள். வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தால் தயவுசெய்து உடைத்துவிடு. சும்மா ஒரு நம்பிக்கைக்குத்தான் சொல்கிறேன்.

வேறொன்றும் இருக்கிறது. அதை எழுதலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன். ஒன்றுமில்லை.

ஏப்ரலில் என்னை முன்கூட்டியே விடுவிப்பது பற்றிக் குழு உட்காருகிறது. மூன்று வருடமாக ஒரு சண்டை இல்லை, ஒரு சோதனையிலும் தப்பில்லை. எங்களுக்கும் டப்பா உண்டு அக்கா, மாதம் ஒரு தடவை. வெளியே வந்தால் ஐவியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கொஞ்சம் உட்காரலாம்.

உன் தம்பி
டெல்மர்

*

நவம்பர் 6, 2017

டெல்மர்,

தட்டை எரிப்பதாவது. அது அம்மாவின் நீலக்கரை போட்ட தட்டு. கழுவி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இப்போது நீ உட்கார்ந்துகொண்டு படி. நான் சோதனையில் தோற்றுவிட்டேன்.

கிளினிக்கில் இருந்த பெண் சூயிங்கம் மென்றபடி, "பைய வெளிய வச்சிருங்கம்மா. கோட்டையும் கழட்டிருங்க" என்றாள்.

"ஏன், கோட்டுக்குள்ள யாரோட மூத்திரத்த ஒளிச்சு வச்சிருக்கேன்னு நெனைக்கிற?"

"நீங்க வைக்கமாட்டீங்க. போன வாரம் ஒருத்தர் கால்ல கட்டி எடுத்துட்டு வந்தாரு. பாத்தா அது அவர் நாயோடது."

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனேன். கழிப்பறைத் தண்ணீரில் நீலச் சாயம் ஊற்றியிருந்தார்கள், குழாயை அடைத்திருந்தார்கள், அந்தப் பெண் கதவுக்கு வெளியே நின்று நிமிடம் எண்ணிக்கொண்டிருந்தாள். டப்பாவின் பக்கத்தில் சூடு பார்க்கும் ஒரு பட்டை ஒட்டியிருக்கிறது. வெதுவெதுப்பாக இருந்தால் அது பச்சையாக மாற வேண்டும். என்னுடையது மாறவில்லை. அவள் டப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு மெல்லுவதை நிறுத்தினாள். "ஏம்மா இது இவ்ளோ ஜில்லுனு இருக்கு?" என்றாள். திரும்ப ஒரு தடவை, அவள் என் எதிரிலேயே நின்றுகொண்டிருக்க, பிடித்துக் கொடுத்தேன். அதுவும் ஜில்லென்றுதான் இருந்தது.

ஒரு வாரம் கழித்து உதவித்தொகை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். என் மனுவைப் பார்க்கும் ப்ரூயிட்டை உனக்குத் தெரியும், பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள். கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள்.

"வெர்லீன், நான் உங்கள குத்தம் சொல்லல. பேப்பர் இப்படி சொல்லுது."

"பேப்பர் சொன்னா நம்பிருவியா? முப்பத்தஞ்சு வருஷமா என்னப் பாக்குறியே."

"அதனாலதான் கதவ சாத்திட்டுப் பேசுறேன்."

காகிதத்தில் மூன்று மருந்துகளின் பெயர் இருந்தது. எனக்கு அந்த மூன்றையும் தெரியும், டெல்மர். ஷானாவின் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருந்த அதே மூன்று, அதே வரிசையில். அறிக்கை என் பைபிளுக்குள்தான் இருக்கிறது, வீட்டுக்கு வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

விதி இப்படி: நான் வாரம் இரண்டு தடவை போதை ஒழிப்பு வகுப்புக்குப் போய் உட்கார வேண்டும். ஜனவரி ஒன்பதாம் தேதி மறுபடி சோதனை. அதிலும் தோற்றால் எனக்கு உதவி நின்றுவிடும். அது போனால் போகட்டும். ஆனால் குழந்தைகள் நலப் பிரிவிலிருந்து ஆள் வந்து ஐவியைத் தலைநகரத்துப் பக்கம் யாரோ முன்பின் தெரியாதவர்களிடம் விட்டுவிடுவார்கள். ப்ரூயிட் இதைச் சொல்லும்போது தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஷானாவின் கோட்டை நான் போட்டுக்கொண்டதால் ஒட்டியிருக்குமோ? கோட்டைக் கொளுத்திவிட்டேன்.

வெர்லீன்

*

நவம்பர் 14, 2017

அன்புள்ள அக்காவுக்கு,

(ஐயாவுக்கு வணக்கம். இன்றைக்கு நகைச்சுவை ஒன்றும் இல்லை, மன்னிக்கவும்.)

டப்பா மாறிப் போயிருக்கும். இங்கேயும் அப்படி நடந்திருக்கிறது. இருமல் மருந்து எதுவும் குடித்தாயா? கேக்கில் கசகசா போட்டுத் தின்றாலும் காட்டும் என்று லெஸ்டர் சொல்கிறார். கசகசா ஜில்லென்று ஆக்காது என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. உனக்குக் குளிர்கிறதா? அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாலும் விரல் நுனி மட்டும் குளிர்கிறதா? இனிப்பு அதிகம் தின்கிறாயா?

தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

டெல்மர்

*

டிசம்பர் 3, 2017

டெல்மர்,

உனக்கு எப்படித் தெரியும்?

விரல் நுனி குளிர்கிறது. அடுப்பின் மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தேன், தோல் சிவந்துவிட்டது, உள்ளே அப்போதும் குளிர். காபியில் சர்க்கரையே போடாதவள் நான், இப்போது சர்க்கரை டப்பாவை மடியில் வைத்துக் கரண்டியால் தின்கிறேன். ஷானா அப்படித்தான் தின்பாள், நான் அவளைத் திட்டியிருக்கிறேன்.

போன வாரம் காரில் ஐவியைக் கூட்டிக்கொண்டு போகும்போது, "ஏன் அம்மா பாட்ட பாடுற?" என்று கேட்டாள்.

"நான் எங்க பாடுறேன்?"

"இப்ப பாடுனியே. அம்மா கார் ஓட்டுறப்ப பாடும்ல, அது."

நான் வாயைத் திறந்ததாகவே எனக்கு நினைவில்லை. குழந்தை பின் சீட்டில் சந்தோஷமாக அந்தப் பாட்டை முடித்தாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று. அடுப்புப் புகைக் குழாய்க்குப் பின்னால், சுவரில் ஒரு செங்கல் ஆடும். எனக்கு அது தெரியாது. முப்பது வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தவள் திரும்பினேன், என் கையே போய் அந்தக் கல்லை உருவியது. உள்ளே, ஷானா பொடி காய்ச்சி அடி கறுத்த ஒரு கரண்டி இருந்தது. என் கல்யாணத்துக்கு வந்த கரண்டிகளில் ஒன்று, ஆகஸ்டில் காணோம் என்று தேடினேன். அதைக் கையில் எடுத்ததும் எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதியாக இருந்தது. என்னை அதுதான் பயமுறுத்துகிறது, தம்பி, வேறு எதைவிடவும் அந்த நிம்மதிதான்.

கைக்காசு போட்டு அடுத்த மாவட்டத்தில் ஒரு டாக்டரிடம் மறுபடி சோதித்தேன். அதே மூன்று. அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்களே கார் ஓட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இந்த அளவு ரத்தத்துல இருந்தா நடக்கவே முடியாதும்மா. உயிரோட இருக்கறதே கஷ்டம்" என்றார். ஏதோ மிஷின் தப்பு என்று அவரே சொல்லிக்கொண்டார், ஆனால் நான் வெளியே வரும்போது எனக்குக் கை கொடுக்கவில்லை.

ஐவி இப்போது தன் தட்டில் சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

"உன் தட்டுல இருந்து குடு."

"உனக்கும் அதே ரொட்டிதான கண்ணு வச்சிருக்கேன்."

"அது ரொட்டி. உன்னோடது அம்மா ரொட்டி."

நான் சாப்பிடும் தட்டு அந்த நீலக்கரைத் தட்டு. எப்போது அதை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. குழந்தைக்கு என் தட்டிலிருந்து கொடுக்கக் கூடாது என்று என்னவோ தடுக்கிறது. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் தூங்கிய பிறகுதான் இப்போது சாப்பிடுகிறேன்.

நீ எதையோ மறைக்கிறாய். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு நல்ல பிள்ளை மாதிரிக் கேள்வி கேட்பாயே, அதே மாதிரிக் கேட்கிறாய். சொல்லிவிடு.

வெர்லீன்

*

டிசம்பர் 13, 2017

அக்கா,

சொல்கிறேன்.

அம்மா சாகிற வருடம், நீ நகரத்தில் வேலைக்குப் போயிருந்தாய், நான்தான் பக்கத்தில் இருந்தேன். தன் மேல் யாரும் ரொட்டி வைக்கக் கூடாது என்று சொன்னாள். ஏனென்று கேட்டேன். மலைக்கு அந்தப் பக்கத்துக் கிழவர் போய்விட்டார், இனி சொந்தக்காரன்தான் தின்ன வேண்டி வரும், ரத்த சொந்தம் தின்னவே கூடாது என்றாள். வெளியாள் தின்றால் அது அவனோடு மலை தாண்டிப் போய்விடும். சொந்தக்காரன் தின்றால் அதற்குப் போக மனசு வராது, வீடு திரும்பிய மாதிரி உள்ளே உட்கார்ந்துவிடும். விரல் குளிரும், இனிப்புக் கேட்கும். அப்புறம் தட்டு வழியாக அடுத்த ரத்தத்துக்குப் போகும். சின்ன உடம்பைத்தான் அதற்குப் பிடிக்கும் என்றாள்.

இது எனக்குத் தெரியும் அக்கா. தெரிந்துதான் போனில் உன்னைக் கேட்டேன். வேறு யாரும் செய்ய மாட்டார்கள். என் பெண் குன்றின் மேல் பாரத்தோடு கிடக்கக் கூடாது என்று மட்டும்தான் அன்றைக்குத் தோன்றியது, உன்னைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. என் வாழ்க்கை முழுவதும் நான் செய்ததே அதுதானே. மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

ஆனால் ரத்தத்துக்கு ரத்தம் போகுமென்றால், அது என்னிடமும் வரும். நான் அவள் அப்பன். என்னிடம்தான் முதலில் வந்திருக்க வேண்டும்.

ரொட்டியைச் சிறைக்குள் விட மாட்டார்கள். காகிதம் வரும். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஐவி தூங்கும்போது, நீ படுத்துக்கொண்டு எனக்கு எழுதும் கடிதத்தை உன் நெஞ்சில் வை. அதன் மேல் ரொட்டியும் உப்பும் வை, தட்டு வேண்டாம். ரொட்டியின் சூடு ஆறும் வரை படுத்திரு. ரொட்டியை அடுப்பில் போட்டுவிட்டு, தட்டையும் உடைத்துவிட்டு, கடிதத்தை மட்டும் எனக்கு அனுப்பு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

(ஐயா, இதில் சட்டத்துக்கு விரோதமாக ஒன்றும் இல்லை. ரொட்டியும் உப்பும்தான். மலைநாட்டுப் பைத்தியம் என்று சிரித்துவிட்டு அனுப்பிவிடுங்கள்.)

டெல்மர்

*

டிசம்பர் 24, 2017

டெல்மர்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். உன் முகத்திலேயே முழிக்கக் கூடாது என்று ஒரு வாரம் இருந்தேன். பெற்ற பெண்ணுக்காக என்று சொல்லி, கூடப் பிறந்தவளைக் குழியில் தள்ளியிருக்கிறாய். உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் தெரிந்தே தின்றிருப்பேன், அதுதான் எனக்கு ஆறவில்லை. ஷானாவை ஆறு மாதம் கழுவித் துடைத்தது நான். கேட்டிருக்கலாம் நீ.

ஏப்ரல் உனக்கு நினைவில்லையா? உங்களுக்கும் டப்பா உண்டு என்று நீதானே எழுதினாய்? அங்கே உன் டப்பா என்ன சொல்லும் என்று யோசித்தாயா? யோசித்திருப்பாய். அதனால்தான் இதை அனுப்புவதா வேண்டாமா என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியவில்லை.

நேற்று என்ன நடந்தது என்று சொல்கிறேன், நீயே முடிவு செய். நான் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தேன். ஐவி நாற்காலியில் ஏறி நின்று, உடைக்க மனசு வராமல், கழுவாமல் நான் வைத்திருந்த நீலக்கரைத் தட்டை இரண்டு கையாலும் தூக்கி வாய்க்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தாள். நாக்கு வெளியே நீட்டியிருந்தது. ஓடிப் போய்த் தட்டிவிட்டேன். தட்டு உடைந்தது, அவள் கன்னத்திலும் அடி விழுந்தது. நான் அவளை அடித்தது அதுதான் முதல் தடவை. அவள் அழவில்லை, டெல்மர். என்னைப் பார்த்துச் சிரித்து, "பரவால்ல வெர்லீன் அத்தை" என்றாள். ஐவி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அத்தை என்று கூப்பிடுகிறவளைத்தான் நாம் புதைத்துவிட்டோமே.

அவள் வாயைத் திறந்து, உதட்டைத் துடைத்துப் பார்த்தேன். ஒன்றும் பட்டிருக்காது என்று நினைக்கிறேன். விரல் சூடாகத்தான் இருக்கிறது. மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

இன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. குழந்தை தூங்குகிறாள். அடுப்பில் ரொட்டி வேகிறது. எழுதியவரைக்கும் போதும். இனி இந்தத் தாளை நெஞ்சில் வைக்கப் போகிறேன்.

அக்கா

*

ஜனவரி 12, 2018

தம்பி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. போனும் இல்லை. அதற்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

ஒன்பதாம் தேதி டப்பா வெதுவெதுப்பாக இருந்தது. பட்டை பச்சையானது. கிளினிக் பெண், "அப்பாடா, இந்த தடவ உயிரோட வந்திருக்கீங்க" என்றாள், விளையாட்டாகத்தான் சொன்னாள். இன்றைக்கு ப்ரூயிட் கதவைச் சாத்தாமலேயே பேசினாள்.

"பாத்தீங்களா, அந்த வகுப்பு எவ்ளோ நல்லது செஞ்சிருக்கு."

"ஆமா, ரொம்ப நல்ல வகுப்பு" என்றேன்.

மூன்று பெயருக்கு நேராகவும் இல்லை, இல்லை, இல்லை என்று போட்டிருக்கிறது. உதவி வரும். ஐவி என்னோடு இருப்பாள். காபியில் சர்க்கரை போட்டால் குமட்டுகிறது. கரண்டியை ஓடையில் எறிந்துவிட்டேன்.

சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுத நினைத்தேன். வீடு காலியாக இருக்கிறது, டெல்மர். ஐவி இரண்டு நாள் என் கழுத்தை மோந்து பார்த்துவிட்டு, "அம்மா எங்க போச்சு?" என்று கேட்டாள். தாத்தாகிட்ட போயிருக்கா என்று சொல்லிவிட்டேன். குழந்தை அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு விளையாடப் போனாள்.

நீ எப்படி இருக்கிறாய்? ஒரு வரி எழுது. நான் இப்போது கோபமாக இல்லை.

அக்கா

*

ஜனவரி 27, 2018

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரம் தனி அறையில் வைத்திருந்தார்கள், காகிதமும் பேனாவும் நேற்றுத்தான் கொடுத்தார்கள். உன் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தையும் நேற்றுத்தான் பார்த்தேன். பச்சைப் பட்டை என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உன் கிறிஸ்துமஸ் கடிதம் ஜனவரி நாலாம் தேதி வந்தது. தாள் விறைப்பாக இருந்தது, நடுவில் உப்புப் பூத்திருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, முதலில் படித்தேன். அப்புறம் கிழித்துக் கிழித்துத் தின்றேன். இரும்பு ருசி. கடைசித் துண்டை விழுங்கும்போது காவலர் பார்த்துவிட்டார். இப்போதெல்லாம் தாளை மருந்துத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து அனுப்புகிறார்களாம், அதைத் தின்று போதை ஏற்றிக்கொள்கிறார்களாம். அன்றைக்கே என்னை டப்பாவோடு நிறுத்தினார்கள். டப்பா ஜில்லென்று இருந்தது. அதே மூன்று பெயர், அதே வரிசை.

உனக்கு ஒன்றும் வராது, பயப்படாதே. உறையையும் உன் பழைய கடிதங்களையும் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். உப்பு மட்டும்தான் இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. விசாரணை அதிகாரி தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப இது உனக்கு எங்க இருந்துய்யா வந்துச்சு?" என்று கேட்டார். "எங்கிட்ட இருந்து போனதுதான் சார், திரும்பி வந்திருக்கு" என்றேன். அதை ஒப்புதல் வாக்குமூலம் என்று எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் வாய்ப்புப் போய்விட்டது. இனி இரண்டு வருடத்துக்கு என் பெயரைக் குழு எடுக்காது. ஐவி பள்ளிக்குப் போவதை நான் பார்க்க மாட்டேன். அதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது, ஆனால் குளிரால்தான் நின்றது என்று வைத்துக்கொள்.

நான் பழைய அறைக்குத் திரும்பி வந்த ஒரே ராத்திரியில் லெஸ்டர் வேறு அறை கேட்டுப் போய்விட்டார். நான் தூக்கத்தில் பொம்பளைக் குரலில் பாடுகிறேனாம். போகும்போது தன் சர்க்கரைப் பொட்டலங்களையெல்லாம் என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார், நல்ல மனுஷன்.

அக்கா, இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். இது தண்டனை மாதிரி இல்லை. ஷானா பிறந்ததிலிருந்து நான் சுரங்கத்தில் இருந்தேன், அப்புறம் மாத்திரையில் இருந்தேன், அப்புறம் இங்கே. முழுசாக ஒரு நாள் அவளோடு உட்கார்ந்ததில்லை. இப்போது விரல் குளிரும்போது இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறேன், கொஞ்ச நேரத்தில் அடங்குகிறது. அவளுக்கு அந்தப் பாட்டின் இரண்டாவது வரி மறந்து போகும், எப்போதும் அங்கேதான் நிற்கிறாள்.

இனி எனக்கு வரும் கடிதம் எதையும் நேராகத் தர மாட்டார்களாம். இயந்திரத்தில் நகல் எடுத்து, நகலைத்தான் தருவார்கள், அசலைக் கிழித்துவிடுவார்கள். நீ இனி என்ன எழுதினாலும் எழுத்து மட்டும்தான் இங்கே வரும். நல்லதுதான். (ஐயாவுக்கு வேலை போய்விடப் போகிறது, பாவம்.)

ஐவிக்கு உன் தட்டிலிருந்தே ஊட்டு. இனி ஒன்றும் ஆகாது.

நான் இங்கேயே செத்தால் உடம்பை உன்னிடம்தான் கொடுப்பார்கள். குன்றின் மேல் இடம் இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் என் நெஞ்சில் ரொட்டி வைக்க விடாதே. எங்கள் இரண்டு பேரையும் அப்படியே சேர்த்துப் புதைத்துவிடு.

உன் தம்பி
டெல்மர்